தசைக்குள் எலும்பு முளைக்கும் நோய்கள்: ரத்தக் குழாய் முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா?

குறிஞ்சி (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மூட்டர் மியூசியத்தில் ஹாரி ஈஸ்ட்லாக் என்பவரின் எலும்புக்கூடு வைக்கப்பட்டிருக்கிறது. 1933-இல் பிறந்தவர். 1973-இல், 40 வயது நிறையச் சில நாட்களே இருந்தபோது நிமோனியாவில் இறந்துபோனார். தன் உடலை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடச் சொன்னதும் அவரேதான். வழக்கமாக ஓர் எலும்புக்கூட்டை நிறுத்திவைக்க மூட்டுக்கு மூட்டு கம்பி கோக்க வேண்டும். இவருக்கு அது அதிகம் தேவைப்படவில்லை. தசை இருந்த இடத்திலெல்லாம் புது எலும்பு முளைத்து, முதுகும் தோளும் இடுப்பும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன.

நோயின் பெயர் ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிஃபிகன்ஸ் புரோகிரெசிவா, சுருக்கமாக எஃப்.ஓ.பி. பத்து இருபது லட்சம் பேரில் ஒருவருக்கு வருகிற அளவுக்கு அரிது. 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஐலீன் ஷோர், ஃபிரெடரிக் கேப்லன் குழுவினர் ஏ.சி.வி.ஆர்.1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள்.

எனக்கு இதில் ஒரு குறை. எங்கே படித்தாலும் மரபணுவோடு கதை முடிந்துவிடுகிறது. அந்த எழுத்து மாற்றம் பிறந்த நாளிலிருந்தே உடம்பு முழுக்க இருக்கிறது. எலும்பு முளைப்பது என்னவோ விழுந்து அடிபட்ட இடத்தில், தசையில் ஊசி போட்ட இடத்தில். முதலில் அந்த இடம் வீங்கி, சூடாகி, வலிக்கிறது. அந்த வீக்கத்தில் சதை எடுத்துப் பார்த்தால் புதிய ரத்தக் குழாய்கள் மண்டிக் கிடக்கும். அதைப் பார்த்துப் புற்றுநோய் என்று நினைத்துவிடுகிற டாக்டர்களும் உண்டு. எலும்பு அதற்குப் பல வாரம் கழித்துத்தான் வருகிறது.

ரத்தக் குழாய் என்பது வளர்கிற எலும்புக்குச் சத்து கொண்டுவரும் வழி மட்டுமே என்று பாடப்புத்தகங்கள் சொல்லுகின்றன. அது போதாது என்பது என் கருத்து. எலும்பு எங்கே வரும், எப்போது வரும் என்பதை முடிவு செய்வதில் ரத்தக் குழாய்க்குப் பெரிய பங்கு இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். மறுத்து எழுதினாலும் சரி.

ஆய்வுமேசை

நல்ல கேள்வி. வரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பழைய பரிசோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1965-இல் கலிபோர்னியாவில் மார்ஷல் யூரிஸ்ட் எலும்பை அமிலத்தில் ஊறவைத்து அதிலிருந்த சுண்ணாம்புச் சத்தை எல்லாம் எடுத்துவிட்டு, மிஞ்சிய சக்கையை விலங்குகளின் தசைக்குள் வைத்துத் தைத்தார். அந்த இடத்தில் புது எலும்பு உண்டானது. அந்தச் சக்கைக்குள் இருந்து தூண்டிய புரதத்தைத்தான் இன்றைக்கு பி.எம்.பி. என்கிறோம். குறிஞ்சி சொன்ன ஏ.சி.வி.ஆர்.1 அந்தத் தூண்டுதலை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒன்று.

பிறகு 1970-களில் ஹரி ரெட்டியும் சார்லஸ் ஹக்கின்ஸும் இதையே எலிகளின் தோலுக்கு அடியில் வைத்து நாள் நாளாகத் திறந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் சாதாரண இணைப்புத் திசுச் செல்கள் வந்து குவிந்து பெருகுகின்றன. ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் குருத்தெலும்பு. ஒன்பதாம் நாள் வாக்கில் ரத்தக் குழாய்கள் அந்தக் குருத்தெலும்புக்குள் துளைத்துக்கொண்டு நுழைகின்றன. பத்து, பதினொன்றில் எலும்பு. மூன்று வாரத்தில் உள்ளே மஜ்ஜைகூட உண்டாகிவிடுகிறது. ரத்தக் குழாய் நுழைந்த மறுநாள், அதற்கடுத்த நாள் என்று எலும்பு தொடங்குகிறது பாருங்கள், அதுதான் முக்கியம்.

நுழையவிடாமல் தடுத்தால் என்ன ஆகும்? 1999-இல் ஜெனென்டெக் என்ற மருந்து நிறுவனத்தில் நெப்போலியோனே ஃபெராரா குழு அதைச் செய்து பார்த்தது. ரத்தக் குழாயை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை வளரும் எலிக்குஞ்சுகளில் மருந்து கொடுத்து முடக்கினார்கள். எலும்பு நீள்வதற்குக் காரணமான வளர்ச்சித் தட்டுக்குள் குழாய்கள் நுழைவது கிட்டத்தட்ட நின்றது. குருத்தெலும்பு மட்டும் தடித்துக்கொண்டே போனது, எலும்பாக மாறவில்லை. மருந்தை நிறுத்தினார்கள், குழாய்கள் உள்ளே வந்தன, தேங்கியிருந்த குருத்தெலும்பு கரைந்து எலும்பு வளர்ச்சி பழையபடி தொடர்ந்தது. அந்தப் புரதத்தைச் சுரப்பது யார் தெரியுமா? முதிர்ந்து பெருத்துப்போன அதே குருத்தெலும்புச் செல்கள்தான்.

அது இயல்பான எலும்பு வளர்ச்சி. ஆனால் தசைக்குள் தவறாக முளைக்கும் எலும்பும் பெரும்பாலும் இதே பாதையில், குருத்தெலும்பு வழியாகத்தான் வருகிறது.

முடநீக்கி

நான் பிசியோதெரபிஸ்ட். எஃப்.ஓ.பி. நான் பார்த்ததில்லை. ஆனால் அடிபட்ட தசையில் எலும்பு முளைப்பதை நம் ஊரில் நிறையப் பார்க்கிறோம். முழங்கையில்தான் அதிகம்.

ஒரு பையன். மரத்திலிருந்து விழுந்து முழங்கை நழுவியிருக்கிறது. கட்டுப் போடுகிற இடத்தில் இழுத்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டுப் பிரித்ததும் கை நீளவில்லை என்று தினமும் எண்ணெய் போட்டு நீவி, வலிக்க வலிக்க நீட்டி மடக்கியிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது ஆறு வாரம் ஆகியிருந்தது. முழங்கையின் முன்பக்கம், மடிப்புக்கு ஒரு விரல் மேலே, தொட்டால் கட்டியாக இருந்தது. மற்றக் கையைவிட அந்த இடம் நன்றாகவே சுட்டது. மடக்க முயன்றால் மெதுவாக இறுகி நிற்காமல் சட்டென்று கல்லில் முட்டியதுபோல் நின்றுவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்புக்கு முன்னால் தசைக்குள் பஞ்சு மாதிரி ஒரு வெண்மை, அதன் ஓரம் மட்டும் அழுத்தமாக.

அந்தச் சூடு ரத்த ஓட்டம்தானே? எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாத மூன்றாவது வாரத்திலேயே இந்தச் சூடு இருக்கும். அந்தச் சமயத்தில் நீவுவதை நிறுத்திவிட்டால் பலருக்கு இவ்வளவு தூரம் போகாது என்பது என் அனுபவம். பெற்றோர்களிடம் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். "நீவாம விட்டா கை அப்படியே நின்னுடாதா" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

கத்திமுனை

எலும்பு அறுவை மருத்துவர். முடநீக்கி சொன்னதை நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன். அடிபட்ட முழங்கையை நீவாதீர்கள், வலுக்கட்டாயமாக நீட்டாதீர்கள் என்பது எங்கள் துறையில் முதல் பாடம். நோயாளி தானாக, வலி தாங்கும் அளவுக்கு அசைக்கலாம். மற்றவர் பிடித்து இழுக்கக்கூடாது.

அந்தச் சூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஐசோடோப் ஏற்றி மூன்று கட்டமாக எடுக்கும் போன் ஸ்கேன் இருக்கிறது. முதல் இரண்டு கட்டம் ரத்தம் எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு தேங்குகிறது என்று காட்டும். மூன்றாவது கட்டம்தான் எலும்பு உண்டாவதைக் காட்டும். தண்டுவடம் அடிபட்டவர்களின் இடுப்பில் இப்படி எலும்பு வருமுன் முதல் இரண்டு கட்டங்கள் இரண்டரை வாரத்திலேயே ஒளிரத் தொடங்கிவிடும். எக்ஸ்ரேயில் தெரிய நான்கு முதல் ஆறு வாரமாவது ஆகும். முளைத்த எலும்பை வெட்டி எடுக்க வேண்டி வந்தால், இந்த ரத்த ஓட்டம் அடங்கிவிட்டதா என்று பார்ப்பதும் ஒரு வழக்கம். அடங்காத நிலையில் வெட்டினால் ரத்தம் கொட்டும், மீண்டும் வளரும் வாய்ப்பும் அதிகம் என்ற எண்ணத்தில்தான்.

இத்தனையும் குறிஞ்சிக்குச் சாதகம். இனி மறுப்பு. ரத்தக் குழாய்தான் எலும்பைத் தீர்மானிக்கிறது என்றால் கோர்ஹாம் நோயை எப்படி விளக்குவீர்கள்? 1955-இல் கோர்ஹாமும் ஸ்டவுட்டும் தொகுத்து எழுதிய நோய் அது. எலும்புக்குள் குழாய்கள் பெருகிக்கொண்டே போகும். எலும்பு கரைந்து மறைந்துவிடும். எக்ஸ்ரேயில் ஒரு விலா எலும்போ தோள்பட்டையோ இருந்த இடமே தெரியாமல் போயிருக்கும். குழாய் பெருகினால் எலும்பு வளரும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

குறிஞ்சி

டாக்டர், கோர்ஹாம் நோயில் பெருகுவது முக்கியமாக நிணநீர்க் குழாய்கள் அல்லவா? ரத்தக் குழாயிலும் எல்லாம் ஒரே வகை இல்லை. இந்த விஷயத்தில் என் எண்ணத்தை மாற்றியதே 2014-இல் வந்த ஓர் ஆய்வுதான். ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் அஞ்சலி குசும்பே, சரவண ராமசாமி, ரால்ஃப் ஆடம்ஸ் ஆகியோர் செய்தது. எலும்புக்குள் ஓடும் நுண்குழாய்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். சுவரில் குறிப்பிட்ட இரண்டு புரதங்கள் மிகுதியாக உள்ளதை எச் வகை என்றார்கள், குறைவாக உள்ளதை எல் வகை என்றார்கள். எண்ணிக்கையில் எச் வகை மிகச் சொற்பம். ஆனால் எலும்பு செய்யப்போகும் முன்னோடிச் செல்கள் அந்தச் சொற்பத்தை ஒட்டித்தான் மொய்த்துக் கிடக்கின்றன. அந்தக் குழாயின் சுவரிலிருந்து வரும் சுரப்புகள்தான் அவற்றைப் பெருக்குகின்றன, முதிரச் செய்கின்றன. மணலும் செங்கலும் இறக்கிவிட்டுப் போகிற லாரி என்று நினைத்திருந்தோம்; மேஸ்திரியும் அதிலேயே வந்து இறங்குகிறார்.

வயதான எலிகளில் எச் வகை கிட்டத்தட்ட காணாமல் போகிறது, எலும்பும் மெலிகிறது. டிஃபெராக்சமின் என்ற மருந்தைக் கொடுத்து அந்தக் குழாய்களைத் திரும்ப வரவைத்தபோது எலும்பும் கூடியது. இரும்புச் சத்து உடம்பில் மிஞ்சிப்போன தலசீமியா நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்துதான் அது. அது வேலை செய்த விதம் முக்கியம்: ஆக்சிஜன் போதவில்லை என்று செல்களை நினைக்கவைக்கிறது.

ஆய்வுமேசை

ஆக்சிஜன் என்றதும்தான் முழங்கைக்கும் எஃப்.ஓ.பி.க்கும் உள்ள பாலம் கிடைக்கிறது. அடிபட்ட தசையில் குழாய்கள் கிழிகின்றன, ரத்தம் கட்டுகிறது, வீக்கம் அழுத்துகிறது. அந்த இடத்துக்கு ஆக்சிஜன் குறைகிறது. உடனே எச்.ஐ.எஃப்.1 ஆல்ஃபா என்ற புரதம் செல்லுக்குள் சேருகிறது. சாதாரண நேரத்தில் அது உண்டாக உண்டாக அழிக்கப்பட்டுவிடும். ஆக்சிஜன் குறைந்தால் மட்டும் தங்கும். தங்கியதும் வி.இ.ஜி.எஃப். சுரப்பை முடுக்கிவிடும், புதுக் குழாய்களை வரவழைக்க.

2016-இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே தொட்டன. பென்சில்வேனியா குழு, ஆக்சிஜன் குறைந்த நிலையில் பழுதான ஏ.சி.வி.ஆர்.1 ஏற்பி செல்லுக்குள் நெடுநேரம் தங்கி பி.எம்.பி. சமிக்ஞையை இன்னும் ஓங்கச் செய்கிறது என்று காட்டியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் லெவி குழு எலிக்குக் குதிகால் நாணை வெட்டி, தோலில் தீக்காயமும் உண்டாக்கி, காலில் எலும்பு முளைக்கவைத்தது. எச்.ஐ.எஃப்.1 ஆல்ஃபாவை மருந்தால் அடக்கியபோது அந்த எலும்பு வெகுவாகக் குறைந்தது. மரபணுப் பழுதால் முளைக்கும் எலும்பும் அப்படியே. காயத்தால் வருவது, மரபணுவால் வருவது என்ற இரண்டுக்கும் ஒரே கதவு.

முடநீக்கி சொன்ன நீவுதலை இதோடு சேர்த்துப் பாருங்கள். தினமும் நீவும்போது தினமும் புதிதாகக் கொஞ்சம் ரத்தம் கசிகிறது. ஆறிவரும் திசு திரும்பவும் காயப்படுகிறது, அழற்சி அடங்குவதே இல்லை.

நடுச்சாலை

நான் மருத்துவத் துறையில் இல்லை, படித்த அளவில் கேட்கிறேன். ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களே எலும்புச் செல்லாக மாறுகின்றன என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். உண்மையா?

ஆய்வுமேசை

அது இந்தத் துறையின் பெரிய சண்டை. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே ஹோசெப் த்ருவேத்தா அப்படி நினைத்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது பார்சிலோனாவில் குண்டுக் காயங்களுக்கு மருத்துவம் பார்த்து, பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ப் பேராசிரியரானவர். எலும்பு வளரும் இடத்தில் நுண்குழாய்கள் எப்படிப் போகின்றன என்பதை அவர் அளவுக்குப் பொறுமையாகப் பார்த்தவர்கள் குறைவு.

2010-இல் ஹார்வர்டில் மெடிசி, ஓல்சன் குழு அந்த எண்ணத்துக்கு உயிர் கொடுத்தது. பழுதான ஏ.சி.வி.ஆர்.1 இருந்தால் உட்சுவர்ச் செல்கள் தங்கள் அடையாளத்தை இழந்து குருத்தெலும்பாகவும் எலும்பாகவும் மாறக்கூடும் என்று எழுதினார்கள். எஃப்.ஓ.பி. நோயாளிகளின் திசுவிலும் குருத்தெலும்புச் செல்கள் மீது ரத்தக் குழாய்ச் செல்லின் அடையாளங்கள் இருந்தன. எல்லோரும் கொண்டாடினார்கள்.

ஆனால் அந்தச் செல்களைப் பின்தொடர அவர்கள் வைத்த குறியீடு உட்சுவரில் மட்டும் இருப்பதல்ல. தசை இழைகளுக்கு நடுவே இருக்கும் வேறொரு வகைச் செல்லிலும் அது இருக்கிறது. 2012-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் கோல்ட்ஹேமர் குழு இரண்டையும் பிரித்துப் பார்த்தது. எலும்பாக மாறியவை அந்தத் தசைநடுச் செல்கள்தான். உண்மையான உட்சுவர்ச் செல்கள் மாறவில்லை. பின்னால் வந்த வேலைகளும் பெரும்பாலும் இதையே சொல்லுகின்றன. தசைநாண்களில் வேறொரு மூலச்செல்லும் உண்டு. என்னைக் கேட்டால், ரத்தக் குழாய் எலும்பாக மாறுவதில்லை, எலும்பாக மாறுகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதற்காக அதன் பங்கு குறைந்துவிடாது.

குறிஞ்சி

ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு சாட்சியும் சேர்க்கிறேன். இதய வால்வு. அதன் இதழ்களில் இயல்பாக ரத்தக் குழாய்கள் ஏறக்குறைய இருக்காது. 2001-இல் பென்சில்வேனியாவில் எமில் மோலர் குழு அறுவையில் நீக்கிய 347 வால்வுகளை வெட்டிப் பார்த்தது. பெரும்பாலானவற்றில் சுண்ணாம்புப் படிவு. சுமார் 13 சதவீதத்தில் அசல் எலும்பே இருந்தது, சிலவற்றில் மஜ்ஜையோடு. அந்த நோய்ப்பட்ட வால்வுகளுக்குள் புதிதாக நுண்குழாய்கள் ஊடுருவியிருந்தன. இதயத்துக்குள் எலும்பு! குழாய் நுழையாத இதழில் சுண்ணாம்பு படியலாம், மஜ்ஜையுள்ள எலும்பு எப்படி வரும்?

கத்திமுனை

வால்வு நல்ல உதாரணம். சரி, குழாய் இல்லாமல் எலும்பு இல்லை என்பதில் நமக்குள் பேதமில்லை. என் கவலை அடுத்த கட்டம். குழாயை அடைத்துவிட்டால் நோய் போய்விடும் என்று யாராவது இதைப் படித்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெவாசிசுமாப் இருக்கிறதே, வி.இ.ஜி.எஃப்.ஐப் பிடித்து முடக்கும் மருந்து. பெரிய அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் அதைக் கொடுக்கக்கூடாது என்பது விதி. கொடுத்தால் காயம் ஆறாது, தையல் பிரியும். தசையில் எலும்பு முளைக்கும் ஆபத்து யாருக்கு அதிகம்? இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு, தீக்காயம் பட்டவருக்கு, தலையிலோ தண்டுவடத்திலோ அடிபட்டவருக்கு, வெடிகுண்டில் கால் இழந்தவருக்கு. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கால் கை இழந்த அமெரிக்க வீரர்களை ஆராய்ந்தபோது மீந்த உறுப்பில் எலும்பு முளைத்தவர்கள் 60 சதவீதத்துக்கும் மேல். இவர்கள் எல்லோருக்கும் புதுக் குழாய் வளர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் புண் ஆறாது, முறிந்த எலும்பும் கூடாது. எங்கள் கையில் இப்போது இருப்பது இண்டோமெதசின் மாதிரி அழற்சி அடக்கும் மாத்திரையும், இடுப்பு அறுவைக்கு முன்னோ பின்னோ ஓரிரு நாளுக்குள் ஒரே தடவை 7 அல்லது 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சும்தான். இரண்டும் மிக ஆரம்பத்தில் கொடுத்தால்தான் பலன்.

ஆய்வுமேசை

எஃப்.ஓ.பி.யிலும் டாக்டர் சொல்லும் இக்கட்டு அப்படியே இருக்கிறது. பாலோவாரோட்டீன் என்ற மருந்துக்கு 2022-இல் கனடாவும் 2023 ஆகஸ்டில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. குருத்தெலும்புக் கட்டத்திலேயே வளர்ச்சியை நிறுத்தப் பார்க்கிறது. ஆனால் குழந்தையின் கை கால் நீள வேண்டிய வளர்ச்சித் தட்டும் குருத்தெலும்புதானே? அதுவும் முன்கூட்டியே மூடிக்கொள்கிறது. அதனால் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 10 வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை.

இன்னொன்று கேரட்டோஸ்மாப். பழுதான ஏற்பியைத் தவறாகத் தட்டியெழுப்பும் ஆக்டிவின் ஏ என்ற புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள். 44 பேரிடம் நடந்த சோதனையில் புதிய எலும்பு முளைப்பது வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஐந்து பேர் இறந்ததால் 2020-இல் நிறுத்திவைத்தார்கள். இந்த இழைக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று: அதில் பலருக்கு மூக்கில் ரத்தம் வடிந்தது. பி.எம்.பி. குடும்பத்தின் வேறோர் ஏற்பி பிறவியிலேயே பழுதானால் நுண்குழாய்கள் கோணலாக வளரும் ஒரு நோய் வருகிறது. அதன் பொதுவான முதல் அறிகுறியும் மூக்கில் ரத்தம்தான். எலும்பைத் தூண்டும் பாதையும் குழாயைக் கட்டிக்காக்கும் பாதையும் உறவுக்காரர்கள் என்பதால் இரண்டையும் சேர்த்து யோசிக்கிறேன். இது என் ஊகம்.

ஜப்பானின் கியோட்டோவில் எஃப்.ஓ.பி. நோயாளிகளுக்கு சிரோலிமஸ் என்ற மருந்தைக் கொடுத்து 2017-இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். கோர்ஹாம் நோய்க்கும் இதே மருந்தைக் கொடுக்கிறார்கள்! ஒன்றில் எலும்பு மிஞ்சுகிறது, மற்றதில் எலும்பு மறைகிறது.

தாமரைக்குளம்

வணக்கம். இழை முழுவதும் படித்தேன், பயமாக இருக்கிறது. என் அக்கா பேத்திக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டு கால் கட்டைவிரலும் குட்டையாக உள்பக்கம் வளைந்திருக்கிறது. போன மாதம் தடுப்பூசி போட்டபிறகு தொடையில் வீக்கம் வந்து இன்னும் வற்றவில்லை. சதை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எடுக்கலாமா?

கத்திமுனை

அம்மா, குழந்தையைப் பார்க்காமல் நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ நான் சொல்லக்கூடாது. தடுப்பூசிக்குப் பின் வீக்கம் பல குழந்தைகளுக்கு வரும், பெரும்பாலும் தானாக வற்றிவிடும். ஆனால் பிறவியிலேயே இரண்டு கட்டைவிரலும் குட்டையாக உள்நோக்கி இருப்பதும் வற்றாத வீக்கமும் சேர்ந்திருந்தால், சதை எடுப்பதை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். எஃப்.ஓ.பி. ஆக இருந்தால் அந்தக் கீறலே எலும்பை முளைக்கவைக்கும். முதலில் ஏ.சி.வி.ஆர்.1 மரபணுப் பரிசோதனை. கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும். கால்விரலின் எக்ஸ்ரேயையும் கையில் எடுத்துக்கொண்டு, மரபணு மருத்துவப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முடிவு வரும்வரை தசைக்குள் எந்த ஊசியும் வேண்டாம், அடுத்த தடுப்பூசியைப் பற்றி அந்த டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடலாம். வீக்கத்தை நீவ வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். போய்வந்து என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.